நான்கு பூஜ்யங்கள்

டெமோ மூன்று மணிக்கு.
இரண்டே முக்காலுக்கும் திரை வரவில்லை.
கேட்கும் முகவரியில் நான்கு பூஜ்யங்களை இட்டேன்,
எந்தப் பக்கமிருந்தும் யாரும் வரலாம் என்று பொருள்.
திரை வந்தது. கைதட்டினார்கள்.
'பிறகு மாற்றவும்' என்று பக்கத்தில்
எனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

ஒன்பது வருடம்.
உபியில் நான்காவது மாடி, கீழே கார்ப் பட்டறைகளின் பெயின்ட் வாடை.
குளிர்கிடங்குகளின் வெப்பநிலையைப் படிக்கும் எங்கள் மென்பொருள்
தீவெங்கும் முந்நூற்றுப் பதினொரு இடங்களில் ஓடுகிறது.
அந்தப் பிற்பகலின் அவசரத்துக்குக்
கையேட்டில் இப்போது பெயர்: இயல்பிருப்பு.

போன செவ்வாய் இரவு
பாண்டான் லூப்பில் ஓர் ஐஸ்கிரீம் கிடங்கை
எங்கிருந்தோ யாரோ எட்டிப் பார்த்தார்கள்.
கழித்தல் இருபத்திரண்டு பாகை.
பார்த்தார்கள், போனார்கள்.
எதையும் தொடாமல் போனதுதான்
என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஹுவீ லெங் சொன்னாள்: இன்றிரவே மூடு.
நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.
பெட்டி தன்னோடு மட்டும் பேசிக்கொள்ளட்டும்.
ஒரே ஒரு வரி.

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ரித்வான்
கோப்பிப் பையை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டுக் கேட்டான்:
செனோக்கோ மீன் கிடங்கில் பெட்டி கீழே, திரை மேலே.
மூடினால், விடியற்காலை மூன்றுக்கு
யாருடைய போன் அடிக்கும்?

அமைப்புக் கோப்பை அனுப்பச் சொன்னோம்.
வந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை.
பொருத்தியவர் பெயர் பெட்டியின் மேல், மாஸ்கிங் டேப்பில்:
தேவசகாயம், ஒரு கைபேசி எண்.
அந்த எண் இப்போது வேறு யாரோ.
வேலை பெர்மிட் முடிந்து அவர் போய் ஐந்து வருடமாம்.

எழுதாமல் விட்டவர்
எதையும் தேர்ந்தெடுக்காதவர் என்றே நினைத்திருந்தேன்.
இல்லை.
எழுதாமலே ஓடியது, அதனால் எழுதவில்லை.
அந்த வெற்றுக் கோப்பு முழுக்க
என்னை நம்பி எழுதப்பட்டது.

பிறகு நான்கு நாள் சண்டை,
நடுவில் ஒரு நாள் யாரும் யாரோடும் சாப்பிடப் போகவில்லை.
முடிவு இது: புதிதாய் நிறுவுவோருக்குக் கதவு மூடியே வரும்.
திறக்க வேண்டுமா, தம் கையால் எழுதட்டும், கடவுச்சொல்லோடு.
பழைய தரவு கிடக்கும் பெட்டிகளிலோ
அவர்கள் சொல்லாமல் விட்டதை
மேம்பாடு அவர்கள் கோப்பிலேயே எழுதிவைக்கும்:

நான்கு பூஜ்யங்கள்.
இதுவரை இப்படித்தான் இருந்தது.
இதைத் தேர்ந்தது நீங்கள் அல்ல, நாங்கள்.
தயவுசெய்து மாற்றுங்கள்.

ஹுவீ லெங் இரண்டு தடவை படித்தாள்.
கோப்பையெல்லாம் யார் திறந்து பார்ப்பார்கள்,
அதுவரை கதவு திறந்துதானே கிடக்கும் என்றாள்.
அதற்கு என்னிடம் நிரல் இல்லை.
வேன் சாவியை எடுத்தேன்.

செனோக்கோவில் மேடம் ஓங்
ரப்பர் பூட்ஸோடு மாடியேறி வந்து
செதில் ஒட்டிய விரலால் திரையைத் துடைத்துக் காட்டினார்:
நன்றாகத்தானே ஓடுகிறது, உனக்கு என்ன பிரச்சினை?
காற்றுக்காக மரக்கதவைத் திறந்துவைத்து
இரும்புக் கதவைப் பூட்டிக்கொள்வோமே, வீட்டில்,
அதைத்தான் செய்யப் போகிறேன், ஆன்ட்டி, என்றேன்.
எங்கள் வீட்டில் ஏர்கான், இரண்டும் பூட்டுதான், என்றார்.

பூஜ்யங்களை அழித்தேன்.
இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் என்று எழுதினேன்.
திரை இருண்டது.
கீழே யாரோ ஐஸைக் கொட்டும் சத்தம்.
அவர் என்னைப் பார்த்தார். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

கழித்தல் பதினெட்டு.

இன்னும் முந்நூற்றுப் பத்து என்று
சொல்ல வாயெடுத்தபோது
ரித்வான் படிக்கட்டில் நின்று
பட்டியலின் அடுத்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தான்.
அதுவும், கேட்டால், வேறு யாரோ.